முள்ளிலா நீங்கள்?

அன்பு மகள் அரான்ச்சாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் மனத்தை உறுத்துகிறது. டப்ளினில் யாராவது உன் பெயருக்குப் பொருள் கேட்டால், ‘முள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாயாம். பார்த்துப் பார்த்து வைத்த பெயரை அப்படியா சொல்வது? அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அரான்ட்ஸா என்றால் முள்தான், மறுக்கவில்லை. ஆனால் உன் முழுப்பெயர் அரான்ட்ஸாஸு; நம் ஊரான ஒன்யாட்டிக்கு மேலே மலையில் இருக்கும் மாதா கோயிலின் பெயர். 1469-இல் ரொட்ரிகோ டி பல்ட்ஸாடெகி என்ற இடையன் அங்கே ஒரு முட்செடியின் மேல் மாதாவின் சிறு சிலையைக் கண்டானாம். பக்கத்தில் ஒரு மாட்டுமணி. திகைத்துப்போய், ‘அரான்ட்ஸான் ஸு?’ என்று கேட்டானாம். முள்ளிலா நீங்கள்? அந்த ‘ஸு’வைக் கவனி. நம் பாஸ்க் மொழியில் ‘ஹி’ என்றால் நீ, ‘ஸு’ என்றால் மரியாதையாக நீங்கள். படிப்பறியாத இடையன், வியப்பிலும் மரியாதையை மறக்கவில்லை.

மொழியறிஞர்கள் வேறு விளக்கம் தருவார்கள். ஊர்ப்பெயர்களின் கடைசியில் வரும் ‘ஸு’ மிகுதியைக் காட்டும் விகுதி. ஆகவே முள் மண்டிய இடம் என்பதே பொருள். அவர்கள் சொல்வதுதான் சரி. மலைக்குப் பெயர் முதலில் வந்திருக்கும், கதை பிறகு வந்திருக்கும். ஆனால் ஒரு விகுதிக்குள் இப்படியொரு கேள்வியைக் கேட்ட காது யாருடையதோ, அந்தக் காதை நான் வணங்குகிறேன்.

அரான்ச்சா செல்லப் பெயர். நம் மொழியில் ஒலியை இளக்கினாலே செல்லம் வந்துவிடும். பெரிய நாய் ‘ஸகுர்’, குட்டியைக் கொஞ்சும்போது ‘சகுர்’. அதுபோலத்தான் ‘ட்ஸா’ கனிந்து ‘ச்சா’ ஆனது.

1961-இல் நான் பிறந்தபோது ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. பாஸ்க் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்கமாட்டார்கள். வீட்டில் மிரென், காகிதத்தில் மரியா. பள்ளியில் ‘மரியா’ என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பேன். மாதாவின் திருத்தலப் பெயர் என்பதால் உன் பெயர் அப்போதும் உள்ளே நுழையும். ஆனால் முன்னால் மரியாவைச் சேர்த்து, ஸ்பானிய எழுத்துக்கூட்டலில். 1977 ஜனவரியில்தான் சட்டம் மாறியது. 1990-இல் உன்னைப் பதிவு செய்தபோது, ஒவ்வோர் எழுத்தும் நம் முறைப்படி விழுகிறதா என்று அருகில் நின்று பார்த்தேன். முந்தைய ஆண்டு பாரிஸில் பதினேழு வயது அரான்ச்சா சான்செஸ் ஸ்டெஃபி கிராஃபைத் தோற்கடித்திருந்ததால், டென்னிஸ்காரியின் பெயரா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை, மலையின் பெயர் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

அந்த மலையில்தான் 1968 அக்டோபரில் நம் மொழிக் கழகம் கூடி, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாக எழுதிவந்த பாஸ்க் மொழிக்குப் பொதுவான எழுத்து வடிவத்துக்கு வழிவகுத்தது. இன்று நீ எனக்கு எழுதும் மொழி அது. கோயில் கோபுரங்களில் கூர்கூராகச் செதுக்கிய கற்களைச் சிறுவயதில் தொட்டுப் பார்ப்பாயே, அவையும் முட்கள்தான். கோயிலுக்காகச் சிற்பி ஓதேய்ஸா வடித்த பதினான்கு அப்போஸ்தலர் சிலைகளைத் திருச்சபை தடுத்துவிட்டதால், அவை ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. தாத்தா மாடுகளோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவாராம்.

தாத்தாவை உனக்கு நினைவிருக்காது. மாட்டையும் நாயையும் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகள் எங்களையும் ‘ஹி’ என்றுதான் அழைப்பார். நீ பிறந்த மூன்றாம் நாள் வந்தார். தொட்டிலில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, ‘அரான்ட்ஸான் ஸு?’ என்றார்.

அன்புடன்,
அம்மா