தம்பிக்கு: மலையில் ராத்திரி எங்கே தங்குகிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, சனிக்கிழமை காலை கொடைக்கானல். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு இடம், அதில் அருவி மட்டும் ஐந்து. ஞாயிறு மதியம் இறக்கம். கல்யாணமாகி முதல் முறையாக இரண்டு பேரும் தனியாக வெளியே போகிறீர்கள். அதனால் போனில் நாலு வார்த்தை பேசி முடிக்க மனசு வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். இதே மாதிரி திட்டம் போடும் பிள்ளைகள் இன்னும் பல பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில், ராத்திரி முழுக்க ஓட்டும் யோசனையை விட்டுவிடு. சென்னையிலிருந்து வத்தலக்குண்டு 450 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கண் விழித்து ஓட்டிய களைப்போடு மலைச்சாலையில் ஏறக் கூடாது. பகலில் கிளம்பு. முதல் ராத்திரியைக் கீழேயே, வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ தங்கு. ஒரு ராத்திரி வீணாகிறதே என்று உனக்குத் தோன்றும். அந்த ராத்திரிதான் மறுநாள் காலையை உனக்குக் கொடுக்கும்.

இதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் எதைப் பார்க்கப் போகிறாய் என்று பட்டியல் போடாதே, ராத்திரி எங்கே தங்கப் போகிறாய் என்று யோசி. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அருவியைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி அருகில் எங்காவது படுத்திருக்க வேண்டும். ஒரே லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு நாலு பக்கமும் ஓடுகிறவர்களுக்குப் பாதி நேரம் சாலையிலேயே போய்விடும்.

அப்புறம் மாதம். மே மாதம் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். வெயிலுக்குத் தப்பிக்க மே சரி. அருவிக்கு அது சரியான மாதமில்லை. கொடைக்கானலில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கோடையில் கரடிச்சோலை அருவி பாறையில் ஈரக்கோடாகத்தான் இருக்கும். லீவு கிடைக்குமென்றால் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளிப் போடு. மழையின் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் குறைந்திருக்காது.

பெரியகுளத்தில் தங்கினால் காலையில் நேராகக் கும்பக்கரை அருவிக்குப் போங்கள். ஊரிலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். மேலே வட்டக்கானல் பக்கமிருந்து இறங்கி வரும் பாம்பாற்றின் தண்ணீர் அது. பாறைகளில் தேங்கும் இடங்களை யானைக்கெஜம், பாம்புக்கெஜம், உரல்கெஜம் என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வழுக்குப்பாறை என்றும் ஓர் இடம் உண்டு, பேரே எச்சரிக்கைதான். வனத்துறை ஆட்கள் குளிக்க விடுகிற இடத்தில் மட்டும் குளியுங்கள்.

இதைக் கவனமாகப் படி, உன் மனைவியிடமும் சொல். கும்பக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். மழை பெய்வது உனக்கு மேலே, உன் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில். அங்கே ஒரு மணி நேரம் கொட்டினால் அது அப்படியே செங்குத்தாக இறங்கி வரும், வருவதற்கு முன்னால் யாருக்கும் தகவல் சொல்லாது. தண்ணீரின் நிறம் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கொஞ்சம் கனத்தாலோ அந்த நொடியே கரையேறிவிடு. துணி, செருப்பு, போன் எதையும் எடுக்க நிற்காதே. வனத்துறை அருவியை மூடியிருந்தால் காவலரிடம் கெஞ்சாதே, திரும்பிவிடு. குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்கள்கூட இந்த மலை ஓடைகளிடம் ஏமாந்துபோகிறார்கள்.

அங்கிருந்து திரும்பி வந்து தேவதானப்பட்டி தாண்டிக் காட்ரோட்டில், அதாவது மலைச்சாலையில், ஏறுங்கள். வழியில் மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. கருவறைக் கதவைத் திறப்பதில்லை, மூடிய கதவுக்குத்தான் பூஜை. கல்யாணமான புதிதில் அங்கே போய்விட்டுப் போனால் அம்மாவுக்கு மனசு நிறையும். அந்த மஞ்சளாறு எங்கிருந்து வருகிறது என்பதைச் சீக்கிரமே மேலிருந்து பார்ப்பீர்கள்.

இந்த மலைச்சாலைக்கு லாஸ் காட் ரோடு என்று பேர். வேலையை மேஜர் லா என்பவர் 1870களில் தொடங்கினார், சாலை முழுசாக முடிய 1910களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோதான் கொடைக்கானல் போனார்கள். இன்று நாம் காரில் ஏறுகிறோம், அதையும் அவசரமாக ஏறுகிறோம்.

ஏறும்போது டம்டம் பாறையில் நிறுத்து. எதிரே தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவி என்பதும் அதுதான். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. கிட்டே போக முடியாது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மலை உச்சியிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கும். அந்தத் தண்ணீர்தான் கீழே மஞ்சளாறு அணைக்குப் போகிறது.

நானும் உன் மச்சானும் போன ஐப்பசியில் அங்கே நின்றபோது ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரே வெள்ளை. வந்த கார்கள் எல்லாம் நிறுத்தி, எட்டிப் பார்த்து, கிளம்பிப் போய்விட்டன. எங்களுக்கு ஓடவேண்டிய அடுத்த இடம் எதுவும் இல்லை. டீ வாங்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தோம். அப்போது உன் மச்சான் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாமா இந்தத் தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று எனக்குத் தெரியும். கடைசி நடை முடித்து வந்தும் வாந்தி எடுத்த பயணிகளின் சீட்டைத் தானே கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், அந்த ஈரக்கையோடுதான் தூங்கும் பிள்ளைகளைத் தொட்டுப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் நான் கேட்காத கதை. அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மஞ்சு விலகியது. அருவி முழுசாகத் தெரிந்தது, கொஞ்ச நேரம்தான். பதினான்கு இடம் பார்க்கிற நாளில் இப்படி உட்கார நேரம் இருக்காது தம்பி. புதுசாகக் கல்யாணமான உங்களுக்குப் பேச எவ்வளவு இருக்கும்.

இரண்டாம் ராத்திரி கொடைக்கானல். ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னாலேயே சாலையோரம் வெள்ளி அருவி வரும், 180 அடி. ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான். ஊரைக் கடந்து வருகிறது என்பதால் குளிக்க வேண்டாம், பார்த்தால் போதும். அந்த ஏரியை 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ் உருவாக்கினார். சாயங்காலம் ஏரியைச் சுற்றி ஒரு நடை போங்கள், ஐந்து கிலோமீட்டர் வரும். கொடைக்கானல் ஊருக்குள் இவ்வளவு போதும். வட்டக்கானல் பக்கம் பாம்பார் அருவிக்கு, சோப்பு விளம்பரம் எடுத்ததால் லிரில் அருவி என்பார்களே, அதற்குப் போனால் பாறை மேல் ஏறிப் படம் எடுக்காதே. ராத்திரி வெளியே நடந்தால் டார்ச் எடுத்துக்கொள். காட்டுமாடு தெருவுக்குள்ளேயே வரும். சாதுவாக நிற்கிறதே என்று பக்கத்தில் போகக் கூடாது.

மூன்றாம் ராத்திரி பூம்பாறை அல்லது மன்னவனூர். கூட்டம் முக்கால்வாசி கொடைக்கானலோடு நின்றுவிடும், அதைத் தாண்டினால் வேறு உலகம். பூம்பாறையில் படிப்படியாகத் தோட்டங்கள், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். அங்கே விளைகிற மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக, காரமாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு கிலோ வாங்கி வா. மன்னவனூரில் ஏரியும் புல்மேடும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் இருக்கின்றன. இந்தப் பக்கம் பெயர் பெற்ற அருவி என்று எதுவும் உன் பட்டியலில் இருக்காது. ஆனால் அருவிகளுக்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இங்கேதான் புரியும். புல்வெளியும், மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடும் ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டு மூடிவிட்டோம். மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அதன்மேல் வண்டியை ஏற்றாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்தச் சாலையில் சாவியை அவளிடம் கொடு. அவளும் லைசென்ஸ் வைத்திருக்கிறாள் அல்லவா? நீ ஓட்டும்போது அவளுக்கு வளைவுகளில் தலை சுற்றும், ஓட்டுகிறவருக்கு அது வருவது அபூர்வம். நீ பக்கத்தில் பேசாமல் உட்கார், பிரேக் போடு என்று கத்தாதே. இறக்கத்தில் இரண்டாம் கியர், ஏறி வருகிற வண்டிக்கு வழி, மஞ்சில் லோ பீம், இந்த மூன்றும் இரண்டு பேருக்கும் பொது. கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்று முன்பே யோசித்து வை. ஆண்கள் இதை யோசிப்பதே இல்லை. அவள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் காரணம் அதுதான்.

நாலாவது ராத்திரிக்குத் தாண்டிக்குடி. இதை மட்டும் எனக்காகச் செய். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது ஊத்திலிருந்து பண்ணைக்காடு சாலையில் திரும்பினால் கீழ்ப்பழனி மலை தொடங்கும். குளிர் குறைந்து, நிழல் மரங்களுக்குக் கீழே காப்பி, மரங்களில் ஏறிய மிளகு, இடையில் மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சிப் பழம் இந்த மலைகளின் விளைச்சல்தான். தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது, பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் இருக்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும், சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எஸ்டேட் வீடுகளில் அறை கிடைக்கும். காட்டோரம் டென்ட் போட்டுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

மறுநாள் காலை பெரும்பாறை வழியாக இறங்கும்போது புல்லாவெளி அருவி. காப்பித் தோட்டத்துக்குள் நடந்துபோய், தொங்கு பாலத்தில் நின்று பார்க்கலாம். பார்ப்பது பாலத்திலிருந்துதான். விளிம்புப் பாறையில் நின்று படம் எடுக்கப் போய் வழுக்கி விழுந்து இறந்த பிள்ளைகள் உண்டு. உன் வயசுதான் இருக்கும். அந்த ஈரப்பாறையை நேரில் பார்த்ததால் கெஞ்சிக் கேட்கிறேன், கம்பியைத் தாண்டாதே.

இரண்டாம் நாள் காலை நீங்கள் பார்த்த கும்பக்கரைத் தண்ணீரும், டம்டம் பாறையில் பார்த்த தலையாறும் வைகைக்குப் போகிறவை. இந்தப் புல்லாவெளித் தண்ணீர் வேறு பக்கம் இறங்கி, ஆத்தூர் காமராஜர் அணையில் சேர்ந்து, திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீராகி, குடகனாறாக ஓடி, அமராவதி வழியாகக் காவிரியோடு சேர்கிறது. நாலு ராத்திரி தங்கினால் ஒரு மலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுவீர்கள். இறங்கிய கையோடு சித்தையன்கோட்டை, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல், அங்கே மதியச் சாப்பாடு, அப்புறம் சென்னை.

இ-பாஸ் மறந்துவிடாதே. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வேண்டும். 2025 கோடையில் வார நாளில் 4000 வண்டி, சனி ஞாயிறில் 6000 என்று வரம்பும் வைத்தார்கள். கூட்டம் நெரியும் வெள்ளி, சனியை விட்டுத் திங்கட்கிழமை கிளம்பு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது, அபராதம் போடுவார்கள். நம் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு எவர்சில்வர் பாட்டிலையும் எடுத்துக்கொள்.

திட்டத்தை அவளிடம் காட்டு, அவளுக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று கேட்டு ராத்திரிகளை மாற்றிக்கொள். தேதி முடிவானதும் எனக்குச் சொல். தாண்டிக்குடியில் மச்சானுக்குத் தெரிந்தவர் வீடு இருக்கிறது, மாட்டுச் சந்தைப் பழக்கம். அறைக்கு அவரிடம் கேட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
அக்கா