எங்கட ஆக்களையும் கீறு, பிள்ளை

யாழ்ப்பாணம்
ஆனி 2025

அன்புள்ள குஞ்சுவுக்கு,

நீ அனுப்பின கார்ட்டூன்கள் எல்லாம் வந்து சேர்ந்தது. அம்மாதான் முதல் பாத்தா. "வடிவாக் கீறியிருக்கிறாள்" எண்டா. கொஞ்சம் பொறுத்து, "கீழ தன்ர பேரையும் எல்லே போட்டிருக்கிறாள்" எண்டா. அவவின்ர பயத்துக்குப் பிறகு வாறன். முதல்ல வேலையைப் பற்றிக் கதைப்பம். காலம் முழுக்கப் பேப்பர்க் கந்தோரில புரூப் பாத்த கண், எதைக் குடுத்தாலும் பிழைதான் தேடும். கோவிக்காதை.

கோடு நல்லாத் தேறியிட்டுது. ஒரு வளைவில மகிந்தவின்ர மீசை வந்து நிக்குது. ஆனா அந்த மீசையும் குரக்கன் நிறச் சால்வையும் அவையாத் தங்களுக்குப் போட்டுக்கொண்ட வேசம். அதையே நீ திருப்பிக் கீறினால் அவைக்குச் சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்யிறாய். இந்த நாட்டில அரசியல்வாதியை முந்திப் பகிடி விடுறது லேசுப்பட்ட காரியமில்லை. 2020 கார்த்திகையில சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கொரோனாவை விரட்ட மந்திரிச்ச தண்ணிப் பானையை ஆத்தில போட்டா. அதே மாதம் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருத்தர், மீனுக்குப் பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லி, ஊடகக்காரருக்கு முன்னால பச்சை மீனைக் கடிச்சுக் காட்டினார். பிறகு காளி சொல்லித் தந்தது எண்டு ஒருத்தர் காய்ச்சின பாணியை அமைச்சர் அம்மாவே குடிச்சுக் காட்டினா. அடுத்த தைக்கு அவவுக்கே கொரோனா. இதுக்கு மேல நீ என்னத்தைக் கீறுறது? அவை செய்ததை அப்பிடியே படமாக்கினால் அது புகைப்படம்.

உரப் படத்துக்கு வாறன். மூலையில 2022 எண்டு போட்டிருக்கிறாய். பிழை. இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த வர்த்தமானி வந்தது 2021 வைகாசியில. தடை எடுபட்டது அதே வருசம் கார்த்திகையில. படத்தில பகிடி எவ்வளவும் இருக்கலாம், திகதி பிழைச்சால் சனம் பகிடியையும் நம்பாது. மற்றது, கோத்தாபயவைப் பெரிய தலையோட வயலுக்க நிப்பாட்டியிருக்கிறாய். தலை சரி, வயலைக் காணேல்லை. ஒரே போகத்துக்குள்ள முழு நாடும் சேதனப் பசளைக்கு மாறவேணும் எண்டு மேசையில இருந்து எழுதின ஆளை விட, அந்தப் போகத்தில விதைச்சவனைப் பாக்கத்தான் எனக்கு ஆசை.

அந்தக் கதைக்குள்ள ஒரு கப்பல் வந்தது, ஞாபகம் இருக்கோ? சீனாவில இருந்து சேதனப் பசளை எண்டு வந்தது. பசளையில கூடாத பக்ரீரியா கிடக்கு எண்டு எங்கட ஆய்வுகூடம் சொல்லிப்போட்டுது. காசு கட்டாதை எண்டு நீதிமன்றம் மக்கள் வங்கியைத் தடுக்க, சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில போட, கப்பல் கடலிலயே சுத்திக்கொண்டு திரிஞ்சுது. கடைசியில 67 இலட்சம் டொலர் கட்டினம். பசளை கரைக்கு வரவே இல்லை. கப்பலின்ர பேர் ஹிப்போ ஸ்பிரிட். நீயோ நானோ யோசிச்சு வைச்சிருந்தால் மிகைப்படுத்துறம் எண்டிருப்பினம். அதைக் கீறு. கரையில மண்வெட்டியோட ஒரு கமக்காரன், தூரத்தில கப்பல், அவன்ர கையில வங்கி ரசீது. ஏனெண்டால் போன காசு அவன்ர. கோத்தாபயவின்ர தலை அந்தப் படத்துக்குத் தேவையே இல்லை.

டைம்ஸ், லேக்ஹவுஸ், பிறகு ஐலண்ட் எண்டு கொழும்புப் பேப்பருகளில கீறின விஜேசோம இந்த வித்தையில விண்ணன். புஞ்சி சிங்ஞோ எண்டு ஒரு சின்ன மனுசனை வைச்சிருந்தார். மந்திரிமார் எவ்வளவு பெரிசா வந்தாலும் எங்கட கண் கடைசியில போய் நிக்கிறது அவனில. நான் எழுத்து வாசிக்கத் தெரியாத வயசிலயே அவனை எனக்கு விளங்கினது, அவன் நிக்கிற நிலையைப் பாத்து.

இனி அம்மாவின்ர பயம். அதைப் பகிடி பண்ணிப்போட்டுப் போகேலாது. 2006 வைகாசி 2ஆம் திகதி இரவு உதயன் பத்திரிகைக் கந்தோருக்குள்ள பூந்து சுட்டதில ஊழியர் இரண்டு பேர் செத்தவை. அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அண்டைக்கு இரவு வேற கந்தோரில வேலையில நிண்ட நான் வீட்டுக்கு வந்து சேருமட்டும் அம்மா படலையடியில நிண்டதை நீயும் பாத்தனீ. தெற்கிலயும் இதுதான் கதை. பண்டாரநாயக்கவைக் கீறிப் பேர் எடுத்த கொலெற் அறுபதுகளின்ர தொடக்கத்திலயே அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டார். பிரேமதாச காலத்தில, 1992இல, கம்யூனிஸ்ட் கட்சியின்ர அத்த பத்திரிகைக்குக் கீறின ஜிப்ரி யூனூஸ் தாக்கப்பட்டார். கார்ட்டூன் கீறி, பத்திரிகைக்கும் எழுதின பிரகீத் எக்னலிகொட 2010 தை 24 இரவு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரேல்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்ப இரண்டு நாள் கிடந்தது.

பிரகீத்தின்ர மனிசி சந்தியாவை நீ ஒருநாள் கீறவேணும். ஆனா கேலிச்சித்திரமா இல்லை. முன்னாள் சட்டமா அதிபர் ஒருத்தர் 2011இல ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவுக்கு முன்னால போய், பிரகீத் வெளிநாட்டில இருக்கிறார் எண்டு சொன்னார். பிறகு ஹோமாகம நீதிமன்றத்தில கேக்க, ஆர் அந்தத் தகவலைத் தந்தது எண்டு தெரியாதாம். அந்த மனுசி பதினைஞ்சு வருசமா நீதிமன்றப் படி ஏறி இறங்குது. 2022 தையில முகத்துவாரம் காளி கோயிலில மொட்டை அடிச்சு, தன்ர மனுசனுக்குச் செய்தவையைக் காளியிட்டப் பாரம் குடுத்துது. சட்டத்தில நம்பிக்கை போனால் காளியிட்டப் போறது சிங்களவருக்கும் எங்களுக்கும் ஒரே வழிதான்.

இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேத்தினது 2024 தை 24. பிரகீத் காணாமல் போன அதே திகதி. திட்டம் போட்டுச் செய்தவை எண்டு நான் சொல்லேல்லை, ஞாபகம் இருந்திருந்தால் திகதியை மாத்தியிருப்பினம். எது பொய்க் கூற்று எண்டு ஐஞ்சு பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்குமாம். கார்ட்டூன் முழுக்கப் பொய்க் கூற்றுத்தானே, பிள்ளை! ஆற்ற தலை அவ்வளவு பெரிசு? இப்ப வந்திருக்கிற அரசாங்கமும் அதைத் திருத்துறம் எண்டு சொல்லுதே தவிர, சட்டம் இருந்த இடத்தில இருக்குது. 1979இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டமும் அப்பிடித்தான். ஜனாதிபதி அநுரவை நீ இன்னும் ஒருக்காலும் கீறேல்லை. ஏன்? நல்லவர் எண்டோ? நல்லவரா இருந்தால் தாங்குவார், கீறு.

பேரை எடு எண்டு நான் சொல்லமாட்டன். பேரில்லாத படத்தை ஆரும் மொட்டைக் கடிதம் மாதிரித்தான் பாப்பினம். அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்திறன்.

நான் முக்கியமாச் சொல்ல வந்தது வேற. உன்ர படங்களை வரிசையா வைச்சுப் பாத்தன். மகிந்த, கோத்தா, பசில், ரணில், பிக்கு, ஆமி. எல்லாம் தெற்கு. எங்கட ஆள் ஒருத்தர் இல்லை. உன்ர படத்தில தமிழர் வந்தால் அழுகிறதுக்கும் சாகிறதுக்கும் மட்டும் வருகினம். ரொறன்ரோவில இருந்து கொழும்பைக் கீறினால் உனக்கு எல்லாரும் கை தட்டுவினம், அதில என்ன துணிவு?

சிரித்திரன் சுந்தரைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். சிவஞானசுந்தரம், கரவெட்டி ஆள். பம்பாயில படிக்கப் போன இடத்தில கார்ட்டூன் பைத்தியம் பிடிச்சு வந்தவர். தினகரனில சவாரித் தம்பரைக் கீறி, பிறகு அறுபதுகளில சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகையைத் தொடங்கினார். செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம் எண்டதுதான் அவற்ற மகுட வாசகம். சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் எல்லாரும் எங்கட ஒழுங்கையில கண்ட ஆக்கள். சீதனம் பேசுறவை, சாதித் தடிப்புக்காரர், கொழும்பு உத்தியோகப் பவுசு, வீட்டில நாய்க்கும் இங்கிலீசு. அரசாங்கத்தையும் விடேல்லை அந்த மனுசன், ஆனா அரசாங்கத்தைத் திட்டிற சாட்டில எங்களைத் தப்பவும் விடேல்லை. சனம் காசு குடுத்து வாங்கித் தங்களைப் பாத்துத் தாங்களே சிரிச்சுது. எங்கட அப்பு ஒரு படத்தைக் காட்டி "இது உவன் பக்கத்து வளவான்தான்" எண்டு சிரிப்பார். பக்கத்து வளவான் அதே படத்தைக் காட்டி அப்புவைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சாராம்.

பிறகு துவக்கு வந்துது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையால பேப்பர் அடிக்கத் தாள் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளிலயும் அடிச்சம். அந்தத் தாளிலயும் பிரேமதாச வந்தார், விஜேதுங்க வந்தார், சந்திரிகா வந்தா. யாழ்ப்பாணத்தை அப்ப ஆண்டது புலிகள் இயக்கம். அவையின்ர முகம் ஒருநாளும் வரேல்லை. வரி எடுத்தவை, பாஸ் குடுத்தவை, தண்டனை குடுத்தவை, ஒரு அரசாங்கம் செய்யிற எல்லாம் செய்தவை. ஆரும் கீறி ஆசிரியரிட்டக் கொண்டுபோய்க் குடுத்ததும் இல்லை, ஆசிரியர் திருப்பிக் குடுத்ததும் இல்லை. கொழும்புத் தணிக்கை எண்டால் வெட்டின இடம் வெள்ளையாக் கிடக்கும், என்னவோ இருந்தது எண்டாவது தெரியும். எங்கட தணிக்கைக்கு அந்த வெள்ளையும் இல்லை.

துவக்குப் போய்ப் பதினாறு வருசம். பழக்கம் போகேல்லை. எங்கட கட்சிக்காரரில ஒரு கோடு பட்டால் உடன "இனத்தைக் காட்டிக் குடுக்கிறியோ" எண்டு பாயினம். அதாலதான் அவைக்குக் கண்ணாடி பாத்த ஞாபகமே இல்லை.

இப்ப நீ இஞ்ச இருந்திருந்தால் கைக்கு ஓய்வில்லை. எங்கட நாட்டில கட்சிச் சின்னம் ஒவ்வொண்டும் அரைவாசி கீறி முடிச்ச கார்ட்டூன். 1982 சர்வசன வாக்கெடுப்பு உனக்குச் சொல்லியிருக்கிறன். தேர்தல் வைக்காமல் பழைய பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருசம் இழுக்க ஓம் எண்டால் விளக்கு, இல்லை எண்டால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டுது, நாடு விளக்குக்குப் போட்டுது, அதுக்குப் பிறகுதான் நாடு இருண்டது. போன வருசம் கார்த்திகைப் பாராளுமன்றத் தேர்தலில யாழ் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். அதுக்கு வாக்குச்சீட்டில நாற்பதுக்கு மேல பட்டியல், விரிச்சுப் பாக்கவே இடம் காணாது. எண்ணி முடிய, தெற்கில இருந்து வந்த அநுரவின்ர திசைகாட்டிக்கு மூண்டு. தமிழரசுக் கட்சியின்ர வீட்டுக்கு ஒண்டு, தமிழ்க் காங்கிரஸின்ர சைக்கிளுக்கு ஒண்டு, சுயேச்சைக் குழுவின்ர ஊசிக்கு ஒண்டு. தமிழ்த்தேசியம் பேசிப் பேசி ஆளுக்கொரு துண்டாப் பிரிஞ்சவை, அடுத்த நாள் சனத்துக்குப் புத்தி சொன்னவை.

இந்த வைகாசியில உள்ளூராட்சித் தேர்தலும் முடிஞ்சுது. கனக்கச் சபைகளில தனிய ஆளப் பலம் காணாதெண்டு ஓட்டம். ஒருத்தரை ஒருத்தர் துரோகி எண்டு திட்டின சைக்கிளும், சங்குச் சின்னக் கூட்டணியும் ஒப்பந்தம் எழுதிச்சினம். வீட்டுக்காரர் டக்ளஸ் தேவானந்தாவின்ர வீணைக்காரரைத் தேடிப் போனவை. இத்தனை வருசம் டக்ளசைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் நான்தான் புரூப் பாத்தனான், ஒரு எழுத்தும் மறக்கேல்லை. சிரித்திரன் சுந்தர் இருந்திருந்தால் இந்த ஒரு மாதத்தில நாலு இதழ் போட்டிருப்பார். நீ ஒண்டும் கீறேல்லை.

ரொறன்ரோவிலயும் குறை இல்லையே? சங்கம் இரண்டாப் பிரிஞ்சு, இரண்டும் ஒரே நாளில விழா வைக்கிறதை நீதானே போனில சொல்லிச் சிரிச்சனீ. பொன்னாடைக்கு வரிசையில நிக்கிறவையையும் சொன்னனீ. போனில சொல்லுறதைத் தாளில வை. அங்க உன்னைச் சுடமாட்டினம், கலியாணவீட்டுக்குக் கூப்பிடாமல் விடுவினம். அவ்வளவுதான்.

பழைய சிரித்திரன் இதழ்கள் கொஞ்சம் எங்கட வீட்டிலயும் கிடந்தது. 1995 இடப்பெயர்வோட எல்லாம் போச்சு. நூலகம் இணையத்தளத்தில கனக்க ஏத்தி வைச்சிருக்கினம், ஆறுதலா இருந்து பார். படத்தை மட்டும் பாராதை, கீழ இருக்கிற வரி எவ்வளவு சின்னன் எண்டு கவனி. உன்ர வரிகள் நீளம். படத்தில தெரியிறதை வாயாலயும் சொல்லுறாய். ஆமிக்காரன்ர படத்துக்குக் கீழ இருக்கிற மூண்டு வரியையும் வெட்டிப்போட்டுப் பார், என்ன குறையுது எண்டு. மற்றது, ரகர றகரம் இன்னும் தடுமாறுது. 'கறுப்பு' எண்டு ஒரு படத்திலயும் 'கருப்பு' எண்டு இன்னொண்டிலயும் கிடக்கு. ஏதாவது ஒண்டில நில்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிசாயும் போடு. அம்மா போனை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுத்தான் வாசிக்கிறா, கண்ணாடி மாத்தவேணும். நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறியோ எண்டு கேக்கச் சொன்னா. வாறதெண்டால் டிக்கெற் போடமுன்னம் ஒருக்காச் சொல்லு, வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் பிடிக்கவேணும். அதுக்கு முதல் வீட்டுக்காரரும் வீணைக்காரரும் ஒரே திண்ணையில இருக்கிற படம் எனக்கு வரவேணும்.

அன்புடன்,
அப்பா