கதிர் காப்பி அடிக்கவில்லை

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் கதிர் வரைந்த படமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். உன்னை ரொம்ப விசாரித்தாள். எனக்கு ஸ்கூலில் பரீட்சை பேப்பர் திருத்தும் வேலை. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

டிராயிங் கிளாஸில் "பார்த்ததை அப்படியே காப்பி அடிக்கிறான், கற்பனை வரவில்லை, ஆட்டிசம் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொன்னார்களாமே. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மாமியாரின் தையல் மெஷின். மிதிப்பலகையின் இரும்புப் பூவேலை, சக்கரத்தைச் சுற்றி ஓடும் தோல் வார், அந்த வாரின் இரண்டு முனையையும் சேர்க்கிற சின்னக் கம்பி வரை போட்டிருக்கிறான். ஆனால் பாட்டியின் முகம் இல்லை, உடம்பு இல்லை. மிதியின்மேல் மெட்டி போட்ட ஒரு பாதம் மட்டும். அவன் எந்நேரமும் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்திருப்பான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் பாட்டி என்பது அந்தப் பாதம்தானே! எதைப் போடுவது, எதை விடுவது என்று அவனாகவே முடிவு செய்திருக்கிறான். இதற்கு மேல் என்ன கற்பனை வேண்டும்?

அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1940இல் பிறந்தவர். எழுத்துகளைப் படிப்பதில் சிரமம், டிஸ்லெக்சியா. அதோடு, மனித முகங்கள் அவர் மனதில் தங்காது. பழகிய ஆளே கொஞ்சம் தலையைத் திருப்பினாலும் அவருக்கு அது வேறு முகம். அப்படிப்பட்டவர் வாழ்நாளெல்லாம் வரைந்தது முகங்களை! முகத்தைப் போட்டோ எடுத்து, அதன்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய கேன்வாஸுக்கு மாற்றுவார். 1967-68இல் வரைந்த அவருடைய சுய உருவப்படம் ஒன்பது அடி உயரம். மூக்கு மயிர், தாடி முள், வாயில் சிகரெட், எல்லாம் தெரியும். அசைகிற முகம் அவருக்குப் பிடிபடாது. தட்டையான படமாகிவிட்டால் நினைவில் நிற்கும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது அன்பானவர்களின் முகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் வழி. 1988இல் முதுகுத்தண்டில் ரத்தக்குழாய் பாதித்து உடம்பு செயலிழந்தது. அதன்பிறகு கையில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு வரைந்தார். அந்தப் படங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் வண்ண வளையங்கள், தள்ளி நின்றால் முகம். முகம் அவருக்கு எப்படித் துண்டு துண்டாகக் கிடைத்தது என்பதை நம் கண்ணுக்கே காட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். (கடைசிக் காலத்தில் சில பெண்கள் அவர்மேல் சொன்ன புகார்கள் எனக்குத் தெரியும். மனிதரைக் கொண்டாடச் சொல்லவில்லை, படங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரைக் கதிருக்குக் கட்டாயம் காட்டு. 1974இல் பிறந்தவர், மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் பேச்சே இல்லை. முதலில் வந்த வார்த்தை 'பேப்பர்' என்பார்கள். 2005இல் டோக்கியோவை ஹெலிகாப்டரில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பத்து மீட்டர் கேன்வாஸில் நினைவிலிருந்தே நகரத்தை வரைந்தார். உடனே அவரை 'மனிதக் கேமரா' ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் கொஞ்சமும் சம்மதமில்லை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் வீட்டை ஸ்டீபன் சிறுவனாக இருந்தபோது வரைந்தார். அதில் வீட்டில் இல்லாத ஒரு புகைபோக்கி முளைத்திருந்தது, வாசலில் நின்ற மரங்களைக் காணோம். கேமரா இப்படிச் செய்யுமா? அவர் கோடு அவருடையது, எங்கே பார்த்தாலும் சொல்லிவிடலாம்.

ஸ்பீச் தெரபிக்குப் போனால் வரைவது நின்றுவிடுமோ என்று கேட்டிருந்தாய். நீ படித்தது இங்கிலாந்துச் சிறுமி நாடியாவின் கதையாக இருக்கும். மூன்று வயதிலேயே பேப்பரில் குதிரைகளைப் பாய விட்டவள். பேச்சு கொஞ்சம் வந்த பிறகு அந்தத் திறமை மங்கிப்போனது. ஆனால் ஸ்டீபனுக்குப் பேச்சும் வந்தது, வரைவதும் நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்றில்லை. தெரபியை நிறுத்தாதே. வரைகிற நேரத்தை மட்டும் யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்.

அந்த கிளாஸை விட்டுவிடலாம் என்பதுதான் என் எண்ணம். வானவில், சிரிக்கும் சூரியன் எல்லாம் வரையச் சொல்லி அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உன் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல். அவன் 2பி பென்சிலை ரொம்ப அழுத்துகிறான், பேப்பர் பின்பக்கம் புடைத்திருக்கிறது. கெட்டியான கார்ட்ரிட்ஜ் பேப்பர் ஒரு ரோல் அனுப்புகிறேன், தரையில் விரித்தே வரையட்டும். சித்திரையில் லீவு விட்டதும் வருகிறேன். அவனுக்குச் சம்மதமா என்று முன்னாலேயே கேட்டு எழுது, திடீரென்று புது ஆள் வந்து நின்றால் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அன்புடன்,
வசந்தா