ஐயாவைக் கேக்காமலே எல்லாரும் முடிவெடுத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளா கருணைக்கொலை சரியோ பிழையோ எண்டு எல்லா இடமும் கதை போகுது, உங்கட பேப்பரிலயும் வாசிச்சன். எழுதிற ஆக்கள் கூடுதலா கனடா, சுவிஸ், லண்டன் எண்டுதான் எழுதினம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது தூரத்துக் கதை எண்டுதான் நானும் முந்தி நினைச்சனான். எங்கட வீட்டுக்குள்ளயே அந்தக் கேள்வி வந்துபோன பிறகுதான் விளங்கினது. அதைச் சொல்லத்தான் எழுதிறன், கொஞ்சம் நீளும், வெட்டாமல் போடுங்கோ.

என்ர ஐயா இரணைமடுத் தண்ணியில வயல் செய்த மனிசன். எழுபத்தாறு வயசு. சோறு விழுங்கேக்க தடக்குது எண்டு சொல்லத் தொடங்கி மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் கொண்டுபோய்க் காட்டினம். உணவுக்குழாயில கான்சர், ஈரலுக்கும் பரவிட்டுது எண்டிச்சினம். டொக்டர் அதை ஐயாவுக்குச் சொல்லேல்லை, என்னையும் தம்பியையும் வாட்டுக்கு வெளியில கூப்பிட்டுச் சொன்னார். நாங்களும் ஐயாட்டச் சொல்லேல்லை. வயித்துப் புண், குளிசையில மாறிடும் எண்டம். ஐயா என்ர முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்திட்டு "ம்" எண்டார், அதுக்குப் பிறகு ஒரு நாளும் கேக்கேல்லை. கனடாவில இருக்கிற அண்ணா ஒவ்வொரு ராவும் வட்ஸ்அப்பில வந்து, எவ்வளவு முடிஞ்சாலும் பரவாயில்லை, எல்லாத்தையும் செய்யச் சொல்லு எண்டு அழுவார். அது பாசம். அதில நான் பிழை சொல்ல மாட்டன்.

கடைசி ரெண்டு கிழமை மூக்கால ரியூப் போட்டு பாலும் கஞ்சித்தண்ணியும் விட்டவை. ஐயா அதை இழுத்து எடுத்தார், திரும்பப் போட்டவை, திரும்ப எடுத்தார். மூண்டாந்தரம் போட்டிட்டு ரெண்டு கையையும் வெள்ளைப் பண்டேச் துணியால கட்டில் கம்பியோட கட்டினவை. கட்டட்டோ எண்டு வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி என்னட்டக் கேட்டவ, நான்தான் ஓமெண்டனான். அண்டைக்கு ராத்திரி முழுக்க ஐயா விரல் நுனியால பெட்சீற்றைச் சுரண்டிச் சுரண்டி "பிள்ளை, அவிழ்த்துவிடு, வீட்ட போவம்" எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தார். பிசத்தல் இல்லை, கெஞ்சலும் இல்லை. சின்னனில வயலில நிண்டு, பிள்ளை அந்த வாய்க்காலை வெட்டிவிடு எண்டு சொல்லுவாரே, அதே குரல். நாளைக்குப் போவம் ஐயா எண்டன். ரெண்டாம் நாள் விடிய முதலே முடிஞ்சுது. வீட்ட கொண்டுவந்து குளிப்பாட்டேக்க ரெண்டு மணிக்கட்டிலயும் கட்டின தடம் கறுத்துப்போய்க் கிடந்தது, அம்மா ஒண்டும் பேசாமல் அதுக்கு மேல விபூதியைப் பூசினா.

அறிவு தெளிவா இருந்த மனிசன் அவர். தன்ர காணி, தன்ர மாடு, எந்த நெல்லு விதைக்கிறது எண்டு சாகுமட்டும் தானே முடிவெடுத்தவர். தன்ர உடம்பைப் பற்றி மட்டும் அவரைக் கேக்க ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல இதை எழுதேல்லை, ஓமெண்டு சொன்னது நான்.

அப்ப சாகிற உரிமை வேணும் எண்டு சொல்ல வாறியோ எண்டு கேப்பியள். அவ்வளவு லேசாச் சொல்ல ஏலாது, ஏனெண்டா எங்கட ஊரில மற்றப் பக்கத்தையும் பாத்தனாங்கள். 1995இல இலங்கையில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்தவை, உலகத்திலயே கூடின எண்ணிக்கையில ஒண்டு அது. கனபேர் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து குடிச்சவை. வயல் வீடுகளில அந்தப் போத்தல் எங்க இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், கோபத்தில ஓடிப்போய் எடுக்கிற தூரம்தான். அரசாங்கம் 1995இலயும் 1998இலயும், பிறகு 2008க்கும் 2011க்கும் இடையிலயும், பரகுவாட் எண்ட களைகொல்லி உட்பட நஞ்சு கூடின மருந்துகளை ஒவ்வொண்டா நிப்பாட்டினது. எண்ணிக்கை மூண்டில ஒண்டாக் குறைஞ்சுது. இருபது வருசத்தில 93,000 உயிர் மிஞ்சினதெண்டு ஆராய்ச்சி செய்தவை கணக்குப் பாத்திருக்கினம். ஒருத்தரையும் கேக்காமல் போட்ட தடைதான் அது, எண்டாலும் அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவன். அரை மணித்தியாலத்தில ஆறிப்போற கோபத்துக்கு ஒரு உயிர் போகக்கூடாது. தற்கொலைக்கு முயற்சி செய்த ஆளைக் கோட்டில நிப்பாட்டிற சட்டத்தையும் 1998இல எடுத்துப்போட்டினம், அதுவும் நல்ல காரியம்.

இன்னொண்டு சொல்லோணும். எங்கட ஒழுங்கையில ஒரு தம்பி, 2009இல சண்டையில செல் பட்டு முள்ளந்தண்டில காயம், இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. முதல் மூண்டு நாலு வருசம் போறவாறவையிட்ட எல்லாம் என்னைச் சாகவிடுங்கோ எண்டுதான் கேப்பான். படுக்கைப்புண் எலும்பு தெரியுமட்டும் போனது, மெத்தை இல்லை, சலப்பை மாத்த ஆள் இல்லை, தாய்க்கு அவனைப் பிரட்டிப் போடப் பெலனில்லை. பேந்து காத்து மெத்தையும் நல்ல வீல்செயாரும் கிடைச்சு புண்ணும் மாறினது. இப்ப வீட்டு முன்பத்தியில போன் திருத்திறான், பின்னேரத்தில பெடியளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிறான். ஒருக்கா நானே கேட்டன், அண்டைக்கு மெய்யாத்தான் கேட்டனியோ எண்டு. "ஒரு ராத்திரி நோகாமல் நித்திரை கொள்ளக் கிடைச்சிருந்தா அப்பிடிக் கேட்டிருக்கமாட்டன் அக்கா" எண்டான்.

அதனால ஊசி போட்டு முடிச்சு வைக்கிற சட்டம் இஞ்ச இப்ப வரக்கூடாது எண்டுதான் என்ர மனசு சொல்லுது. கனடாவில 2016இல அந்தச் சட்டம் வரேக்க சாவு கிட்ட வந்த ஆக்களுக்கு மட்டும்தான் எண்டிருந்தது. 2021இல சாவு கிட்ட இல்லாத, நீண்டகால வருத்தம், அங்கக் குறைபாடு உள்ள ஆக்களுக்கும் திறந்துவிட்டினம். அங்கத்தை மாற்றுத்திறனாளிகளின்ர அமைப்புகளே அதை எதிர்த்தவை, வாழுறதுக்கு உதவி கேட்டா இழுத்தடிக்கிறியள், சாகிறதுக்கு எண்டா ஓடிவாறியள் எண்டுதான் அவையின்ர மனவருத்தம். அவ்வளவு வசதியான நாட்டிலயே அப்பிடியெண்டா, நோவு மருந்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போற எங்கட சனத்தின்ர நிலைமை என்ன? இஞ்ச வயசுபோன ஒவ்வொருத்தரின்ர வாயிலயும் இருக்கிற வசனம் "பிள்ளையளுக்குப் பாரமா இருக்கப்படாது". அந்த வசனத்தை விண்ணப்பமா எடுத்துப்போடுவினம் எண்டு பயமா இருக்கு. இலங்கைச் சட்டத்தில ஒருத்தர் தற்கொலை செய்ய உதவினா, தண்டனைச் சட்டக் கோவை 299ஆம் பிரிவின்படி மரண தண்டனை எண்டு இருக்கு. அந்தத் தண்டனை கொடூரம்தான், ஆனா கதவை ஒரேயடியா அகலத் திறக்கவும் எனக்குத் துணிவில்லை.

இப்பிடி எழுதிப்போட்டும் மனசு ஆறேல்லை, ஏனெண்டா அமெரிக்காவில டாக்ஸ் கவர்ட் எண்டு ஒருத்தர் இருந்தவர். 1973இல காஸ் வெடிச்சு உடம்பு முழுக்க எரிஞ்சு கண்ணும் விரல்களும் போனது. என்னை விடுங்கோ, வைத்தியம் வேண்டாம் எண்டு அவர் கத்தக் கத்த ஒரு வருசத்துக்கு மேல வைத்தியம் செய்தவை. பேந்து அவர் சட்டம் படிச்சு லோயர் ஆகி, கலியாணமும் கட்டி, 2019இலதான் செத்தவர். சாகுமட்டும் அவர் சொன்னது, இப்ப உயிரோட இருக்கிறது எனக்குச் சந்தோசம்தான், ஆனா அண்டைக்கு என்ர பேச்சைக் கேக்காமல் விட்டது பிழைதான் எண்டு. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. ஒழுங்கைத் தம்பியைக் காட்டி "பாருங்கோ, விடாமல் காப்பாத்தினது நல்லதுதானே" எண்டு வாயை மூடிப்போட ஏலாது எண்டு அந்த மனிசன் சொல்லுறார். நல்லா முடிஞ்சாலும் கேக்காதது கேக்காததுதான்.

இந்தியாவில அருணா ஷான்பாக் எண்ட நேர்ஸ், மும்பை ஆஸ்பத்திரி ஒண்டில 1973இல ஒருத்தன் கழுத்தை நெரிச்சதில மூளை பாதிச்சு 42 வருசம் கட்டிலில கிடந்தவ. 2011இல வழக்கு நடந்தது, அவவைச் சாகவிடுங்கோ எண்டு ஒரு எழுத்தாளர் கேட்டவ, நாங்கள் பாக்கிறம் எண்டு அந்த ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் நிண்டவை, சுப்ரீம் கோட் நேர்ஸ்மார் பக்கம் சொன்னது. ரெண்டு பக்கமும் அன்புதான். அருணாவுக்கு என்ன விருப்பம் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது, கேக்கக்கூடிய காலத்தில கேட்டு வைக்க ஆரும் நினைச்சிருக்க மாட்டினம். 2018இல அதே கோட், ஒருத்தர் அறிவோட இருக்கேக்கயே எனக்கு இந்தக் கட்டத்தில மிசின் வேண்டாம் எண்டு எழுதி வைக்கலாம் எண்டு தீர்ப்புச் சொல்லி, 2023இல அந்த நடைமுறையை இன்னும் லேசாக்கினது.

எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான் ஆசிரியர். அறிவு தெளிவா இருக்கிற ஆளுக்கு வருத்தத்தின்ர பேரைச் சொல்லோணும், வெளியில பிள்ளையளைக் கூப்பிட்டுச் சொல்ல முதல் உள்ள படுத்திருக்கிறவருக்குச் சொல்லோணும். அவர் வேண்டாம் எண்ட ரியூப்பைப் போடாமல் விடுறது கொலை இல்லை, வருத்தம் தன்ர வழியில போகுது. கடைசி நேரத்தில உடம்பு தானே சாப்பாட்டை வேண்டாம் எண்ணும், வில்லங்கமா விடுற தண்ணி நெஞ்சில போய்த் தங்கி மூச்சைத்தான் இழுக்க வைக்கும் எண்டு ஒரு நேர்ஸ் பிள்ளை பேந்து எனக்கு விளங்கப்படுத்தினவ. முதலே தெரிஞ்சிருந்தா பட்டினி போட்டுக் கொல்லுறமோ எண்டு பயந்து ஓமெண்டிருக்கமாட்டன். எங்கட மாவட்டங்களில வீட்டில வைச்சுப் பாக்கிற ஆளுக்கு மோர்பின் எண்ட நோவு மருந்தை எப்பிடி எடுக்கிறது, வைத்தியம் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்தா ஆர் அதை ஏற்பினம், இதுகளைத் தெரிஞ்ச டொக்டர்மாரிட்டயும் லோயர்மாரிட்டயும் கேட்டு உங்கட பேப்பரில எழுதுவியுங்கோ.

ஐயாவின்ர ஆண்டுத் திவசம் முடிஞ்ச பின்னேரம் அம்மாவை இருத்திவைச்சுக் கேட்டன். விளக்கு வைக்கிற நேரத்தில என்ன கதை கதைக்கிறாய், உனக்கென்ன விசரே எண்டு ஏசினா. பேந்து இரவு சாப்பிட்டிட்டு அவாவே தொடங்கினா, மகளின்ர பழைய கொப்பியில நான் எழுதினன். என்ன வருத்தமெண்டாலும் முதல் தனக்குச் சொல்லோணுமாம். மாறும் எண்டா ஒப்பரேசனோ ஊசியோ எது வேணுமெண்டாலும் செய்யலாம், மாறாதெண்டா மூக்கால ரியூப் வேண்டாம், நோவுக்கு மருந்து தந்தாக் காணும். கை கட்டக்கூடாது. இதை அண்ணாவுக்கு இப்பவே கோல் எடுத்துச் சொல்லு, இல்லாட்டி அவன் அங்கயிருந்து உன்னோட சண்டை பிடிப்பான் எண்டா. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, நான் எழுதினதை ஒருக்கா முழுக்க வாசிச்சிட்டுக் கையெழுத்து வைச்சா. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்டைக்கே அண்ணாவுக்கு அனுப்பினன். ரெண்டு நாள் அவர் பதில் போடேல்லை, மூண்டாம் நாள் கோல் எடுத்து அம்மாவோட ஒரு மணித்தியாலம் கதைச்சவர்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
கிளிநொச்சி மாவட்டம்.