மரத்துப்போன பாதங்களோடு வருகிறோம்: ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள ஆலயத் தலைவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் பலர் உங்கள் ஆலயங்களுக்கு வருகிறோம். ஜார்ஜ்டவுனில் இருக்கும் நானும் அவர்களில் ஒருத்தி. கேட்க வந்தது முக்கியமாக ஒன்றுதான். மருத்துவக் காரணத்துக்காகத் துணிக் காலுறை போட்டு வருகிறவர்களை உள்ளே விடுங்கள். விடுவதோடு நிற்காமல், அதை வாசலில் எழுதியும் வையுங்கள்.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதனால் உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்களில் யாராவது இருக்கத்தான் செய்வோம். பார்த்தால் தெரியாது. முடி வளர்ந்துவிட்டது, பட்டுப் புடவை கட்டியிருக்கிறோம், பூ வைத்திருக்கிறோம். “நல்லாத்தானே இருக்கீங்க!” என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறோம், கணுக்காலுக்கு மேலே.

கீமோவில் கொடுக்கும் பேக்லிடாக்செல், டோசிடாக்செல் போன்ற மருந்துகள் நரம்புகளையும் பாதிக்கும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் தொல்லை கால்விரல் நுனியில் ஆரம்பித்து, இரண்டு காலிலும் ஒரே மாதிரி மேலே ஏறும். முதலில் சுருக் சுருக்கென்று குத்தும், அப்புறம் எரியும், அப்புறம் மரத்துவிடும். சிலருக்குச் சில மாதங்களில் குறைகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. என் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மடித்த துண்டு கிடப்பது போலவே எப்போதும் இருக்கிறது.

கீமோ முடிந்தால் மாத்திரை. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்று 5 வருடம், சிலருக்கு அதற்கும் மேலே. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பை வற்ற வைக்கிற மருந்து அது. நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறது, சரி. ஆனால் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுவலியும் கொடுக்கிறது. உட்கார்ந்து எழுந்ததும் வைக்கிற முதல் சில அடிகள்தான் மோசம்.

உங்கள் மண்டபத்தில் இது எப்படி இருக்கும் தெரியுமா? அபிஷேகம் முடியும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். தீபாராதனைக்கு மணி அடித்ததும் எல்லோரும் சட்டென்று எழுவார்கள். எனக்கு அறுவை செய்த பக்கத்துக் கை பாரம் தாங்காது. மறு கையைத் தரையில் ஊன்றி, பக்கத்து அம்மாவின் தோளைப் பிடித்து, குதிகாலை மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்து நிமிர்வதற்குள் தட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கும். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்குப் பல இடங்களில் கைப்பிடி கிடையாது. எங்களுக்கு உட்காருவதில் சிரமமில்லை, எழுவதில்தான். அதோடு, ஐம்பது வயதுக்காரி போய் உட்கார்ந்தால் “அது வயசானவங்களுக்கு” என்று ஒரு குரல் வரும்.

இப்போது காலுறைக்கு வருகிறேன். ஓர் ஆலயத்தில், பெயர் வேண்டாம், ஒரு தொண்டர் தம்பி காலுறையைக் கழற்றச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். “சாமி பார்த்துக்குவாரு, ஆண்டி” என்று தைரியமும் சொன்னார். உச்சி வெயில், கூரையில்லாத சிமெண்டுப் பிரகாரம். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக மூன்று சுற்றும் சுற்றினேன், சூடே தெரியவில்லை. பார்த்தவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து காலைத் திருப்பினால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

இதனால்தான் மருத்துவர்கள் எங்களிடம் வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்காதே என்கிறார்கள். அதே மருத்துவர்கள் நட, நிறைய நட என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லெட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடும் பெண்கள் முறையாக உடற்பயிற்சி செய்தபோது மூட்டுவலி நன்றாகவே குறைந்தது. நரம்பு வலிக்கு டுலாக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு கேட்கிறது. மரத்துப்போனதை அது மீட்டுத் தருவதில்லை. எங்களில் பலருக்குப் பழகிய நடை என்றால் பிரகாரம் சுற்றுவதுதான். ஜிம்முக்குப் போ என்றால் போக மாட்டோம், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வராமல் இருக்க மாட்டோம்.

ஆகமம் பற்றி உங்களோடு வாதாட வரவில்லை. தோல் பொருள் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பருத்திக் காலுறை தோல் இல்லை. குளிர் நாடுகளில் உள்ள நம் கோயில்களில் காலுறையோடு சுற்றி வருகிறார்கள், அங்கேயும் குடமுழுக்கு நடக்கிறது. சுத்தம்தான் கவலை என்றால், துவைத்த ஜோடியைப் பையில் கொண்டுவந்து வாசலில் மாற்றிக்கொள்கிறோம். அபிஷேகத் தண்ணீரும் எண்ணெயும் சிந்திய தரையில் சாதாரணக் காலுறை வழுக்கும், அதனால் அடியில் ரப்பர் புள்ளி வைத்ததாகப் பார்த்து வாங்குவது எங்கள் பொறுப்பு. வெயில் படும் இடத்தில் தேங்காய் நார் விரிப்புப் போடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களில் கோடை வந்தால் அதைச் செய்கிறார்கள், நமக்கோ வருடம் முழுக்கக் கோடைதான்.

தைப்பூசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் யாராவது நேர்ந்துகொள்கிறார்கள்: குணமானால் பால்குடம். குணமாகிறது. நன்றி சொல்லக் கிளம்புகிற அந்த நேரத்தில்தான் பாதம் மிக மோசமாக இருக்கிறது. பினாங்கு தண்ணீர்மலையில் 513 படி, கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பத்துமலையில் 272 படி. தலையில் குடம், காலுக்குக் கீழே படியின் விளிம்பு எங்கே என்றே தெரியாது. பினாங்கில் இன்னொன்றும் உண்டு. ரதத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைக்கிறோம். கண்கொள்ளாக் காட்சி, நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் மரத்த காலில் ஓட்டுச் சில்லு ஏறினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். ரதம் நகர்ந்ததும் ஓரமாக ஒரு பாதையையாவது உடனே கூட்டிவிடுங்கள்.

பால்குடம் அடிவாரத்திலிருந்து எடுத்தாலும் செல்லும் என்றும், பிள்ளைகள் குடத்தைச் சுமக்க நேர்ந்தவர் பக்கத்தில் நடந்தால் போதும் என்றும் குருக்கள் மைக்கில் ஒரு முறை சொல்லட்டும். நாங்கள் சொன்னால் மாமியார் கேட்க மாட்டார், குருக்கள் சொன்னால் கேட்பார். பழனியிலேயே ரோப் கார் ஓடுகிறது, முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதலுதவிக் கூடாரத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கால்வலி எல்லாம் நடந்த வலி அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கே கொடுக்கும் டாமோக்சிஃபென் என்ற இன்னொரு மாத்திரையைச் சாப்பிடும் பெண்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சும் வாங்கினால் உடனே 999.

ஒரு சிலருக்காக இவ்வளவா என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. இனிப்பு நீரும் இதே நரம்புகளைத்தான் கெடுக்கிறது, இதே பாதங்களைத்தான் மரக்க வைக்கிறது. கேட்கிறவருக்கே வீட்டில் அப்படி ஒருவர் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கிற பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

பலகைக்கு வாசகம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்: “மருத்துவக் காரணத்துக்காகத் துணிக் காலுறை அணிந்து வரலாம். கைப்பிடி நாற்காலி எந்த வயதினருக்கும் உண்டு.” தமிழிலும் மலாயிலும் போட்டால் நல்லது, ஏனென்றால் வாசலில் நிற்கும் பாதுகாவலர் எப்போதும் தமிழர் அல்ல. பலகைக்கும் முதல் பத்து நாற்காலிக்கும் ஆகும் செலவை நானும் என் தோழிகளும் பார்த்துக்கொள்கிறோம். உபயதாரர் பெயர் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனிலிருந்து உங்கள் பக்தை ஒருத்தி