2025 ஆண்டறிக்கை: ஒலிபெருக்கி விவகாரம் உட்பட

சிங்கப்பூரில் இயங்கும் நம் சங்கத்தின் தலைவர் ஐயாவுக்கும், செயற்குழு அன்பர்களுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இன்னும் கட்டாத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரியில் நம் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் பொங்கல் வைத்தோம். ஏப்ரலில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சுப் போட்டி நடந்தது. மே 3 பொதுத்தேர்தல் வந்ததால் அந்த மாதக் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம், அது அப்படியே நடக்காமல் போய்விட்டது. ஆகஸ்ட்டில் தேசிய தினத்தை ஒட்டி ஈஸ்ட் கோஸ்ட்டில் குடும்ப தினம். அக்டோபர் 20 தீபாவளி, அந்த வாரக் கடைசியில் விருந்து. 140 பொட்டலம் பிரியாணி சொல்லியிருந்தும் பத்தாமல் போய்க் கடைசியில் எனக்கு ஊறுகாய்தான் மிஞ்சியது. இந்த 140 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒலிபெருக்கி விவகாரம். "செயலாளர் சங்கப் பணத்தை எவனுக்கோ அனுப்பிவிட்டாராமே" என்று நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி ஓடியது. யார் போட்டது என்று எனக்குத் தெரியும், அவர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை என்பதும் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நம் சாமான் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு, ஆம்ப்ளிஃபையர், மைக் ஆகியவற்றை விற்றுவிடலாம் என்று ஜூலைக் கூட்டத்தில் முடிவானது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. படம் எடுத்து, 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலை போட்டு, கைப்பேசியில் ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றினேன். ஒருவர் 200 வெள்ளிக்குக் கேட்டார். இன்னொருவர் மடக்குச் சைக்கிள் தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்றார். நான்காம் நாள் ஒருவர் வந்தார். பேரமே பேசவில்லை, பாட்டு ஒன்று போட்டுக் காட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பழைய ஒலிபெருக்கியைக் காதால் கேட்காமல் எவன் வாங்குவான்?

தங்கள் நிறுவன நிகழ்ச்சிக்கு வேண்டும், நிறுவனம் காசோலைதான் கொடுக்கும், கணக்கு எண் தந்தால் போதும், நாங்களே வங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம் என்றார். என் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தேன். ஏன் சங்கக் கணக்கைக் கொடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: சங்கக் கணக்கைத் தொட இருவர் கையொப்பம் வேண்டும், பொருளாளர் ஜூன் மாதமே ஊருக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் காசோலை போட்ட படம் வந்தது. மாலையில் வங்கிச் செயலியைத் திறந்தால் இருப்பு 1,450 வெள்ளி கூடியிருக்கிறது. 850 எங்கே, 1,450 எங்கே? கேட்டேன். "ஐயோ அங்கிள், எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண் லாரிக்காரர் கூலி 600-ஐயும் சேர்த்து எழுதிவிட்டார், அவர் நாளைக் காலை 9 மணிக்கு வருகிறார், அதைமட்டும் அவருக்குப் பேநவ்வில் அனுப்பிவிடுங்கள், பாவம், அன்றாடம் காய்ச்சி" என்றார். அனுப்பிவிட்டேன். பேநவ் என்பது கைப்பேசி எண்ணுக்கே உடனே பணம் அனுப்பும் வசதி. அதில் எண்ணைத் தட்டியதும் யாரோ ஒருவர் பெயர் வந்தது, லாரிக்காரர் பெயராக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு இரண்டு ஒலிபெருக்கிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நின்றேன். வாங்கி வைத்த கோப்பி ஆறிப்போனது. அந்தப் பக்கம் போன மலாய்ப் பாட்டி ஒருவர் இன்று இங்கே கல்யாணமா என்று விசாரித்தார். 11 மணிவரை லாரிக்காரன்மேல்தான் எனக்குக் கோபம், ஏமாந்துவிட்டேன் என்று தோன்றவே இல்லை. திங்கள் பிற்பகல் அந்த 1,450 கணக்கிலிருந்து காணாமல் போனது. காசோலை திரும்பிவிட்டதாம். அந்த நிறுவனம் எழுதிய காசோலையே இல்லை, அச்சடித்த போலி. என் 600 மட்டும் உண்மையான காசு, அது உண்மையாகவே போய்விட்டது. என்னைப்போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கு எஸ்ஜி60, அதாவது சிங்கப்பூரின் 60 ஆண்டு நிறைவை ஒட்டி அரசாங்கம் தந்த பற்றுச்சீட்டு, 800 வெள்ளி வந்த நேரம் அது. "அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை நீங்கள் மறு கையால் விட்டுவிட்டீர்கள்" என்று வீட்டில் சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் செய்கிறேன்.

ஆக, போனது சங்கப் பணம் அல்ல, என் பணம். ஒலிபெருக்கிகளும் பத்திரமாக இருக்கின்றன.

இதற்குப் பிறகுதான் நம் உறுப்பினர்கள் யாரும் இப்படி மாட்டக்கூடாது என்று செப்டம்பரிலும் நவம்பரிலும் இரண்டு விளக்கக் கூட்டங்கள் ஏற்பாடு செய்தேன். 14 படங்கள் நானே தயாரித்தேன். முதல் கூட்டத்துக்கு 11 பேர், இரண்டாவதற்கு 7 பேர், அதில் மூவர் என் குடும்பம். பிரியாணிக்கு 140. வராதவர்களுக்காகச் சாரத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், இதையாவது படியுங்கள்.

செயலியில் இரண்டு தொகை காட்டும்: மொத்த இருப்பு ஒன்று, எடுக்கக்கூடிய இருப்பு ஒன்று. போட்ட காசோலை மொத்தத்தில் உடனே ஏறிவிடும், ஆனால் அது இன்னும் நம் பணம் ஆகவில்லை. வார நாளில் பிற்பகல் 3.30-க்குள் போட்டால் அடுத்த வேலை நாள் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் தெளியும், அதாவது எடுக்கக்கூடிய பணமாகும். வெள்ளிக்கிழமை போட்டது திங்கள் பிற்பகல்தான். அவன் ஏன் வெள்ளிக்கிழமை பார்த்துப் போட்டான் என்று இப்போது புரிகிறதா? சனி, ஞாயிறு முழுக்க அவன் கையில். விலைக்கு மேல் பணம் போட்டுவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்பவன், அல்லது வேறொருவருக்கு அனுப்பச் சொல்பவன், என்ன கதை சொன்னாலும் சரி, திருடன்தான். உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் அவர்கள் வங்கியிடம் சொல்லி அந்தக் காசோலையை நிறுத்திவிட்டு வேறொன்று எழுதட்டும், நமக்கென்ன அவசரம்? பொருளை நேரில் வந்து பார்த்துக் காசாகவோ பேநவ்வாகவோ தரட்டும், பேநவ் என்றால் அவர்கள் காட்டும் படத்தை நம்பாமல் நம் செயலியை நாமே திறந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண் 1799, எந்த நேரமும் எடுப்பார்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிட்டு, அப்புறம் போலீஸ் புகார். நான் திங்கட்கிழமை கூப்பிட்டேன், அதற்குள் பணம் அந்தக் கணக்கைத் தாண்டிப் போயிருந்தது.

செப்டம்பர் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா தம் தங்கை கதையைச் சொன்னார். அமெரிக்காவில் இருக்கிறாராம், சோபா விற்றாராம், வந்தது வங்கியே எழுதிக் கொடுக்கும் காஷியர்ஸ் செக். அங்கே போட்ட காசோலைக்குச் சில நாளிலேயே பணத்தை எடுக்க விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் போலி என்று தெரிய வாரக்கணக்கில்கூட ஆகலாம், அப்போது முழுத்தொகையையும் போட்டவரிடமே வங்கி கேட்கும். அவர் கையில் எடுத்துச் செலவும் செய்துவிட்டார். அதைக் கேட்ட பிறகு என் 600 கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது.

கணக்கு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், கையிருப்பு போன வருடத்தைவிடச் சற்றே குறைவு. விவரம் பொருளாளர் திரும்பியதும் தருவார். உறுப்பினர் 83 பேர், ஆண்டுச் சந்தா 24 வெள்ளி, கட்டியவர் 37 பேர். மாதம் 2 வெள்ளி, ஒரு கோப்பி காசு. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று யோசித்தேன், தலைவர் வேண்டாம் என்றார்.

இடம் தந்த சமூக மன்றத்தாருக்கும், பொங்கல் பானை தூக்கிய தம்பிகளுக்கும், விருந்தில் பரிமாறிய மகளிர் அணிக்கும், ஊரிலிருந்து தவறாமல் காலை வணக்கம் அனுப்பும் பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த வருடம் ஒரு வேலை காத்திருக்கிறது. நிறுவனங்களும் சங்கங்களும் எழுதும் காசோலைக்கு 2026 இறுதியோடு முடிவு. நம் சங்கக் கணக்கை இணையத்துக்கு மாற்ற வேண்டும், ஒருவர் பதிந்தால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், அந்த இன்னொருவர் சிங்கப்பூரில் இருந்தால் நல்லது. ஆறு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன், முழங்காலும் முன்போல் இல்லை, யாராவது முன்வந்தால் சாவியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் என்ன செய்வது, பார்க்கலாம். அந்த 600 வெள்ளியைச் சங்கம் ஈடுகட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உறுப்பினர் யாராவது தாமாகவே தீர்மானம் கொண்டுவந்தால் தடுக்கவும் மாட்டேன்.

ஒலிபெருக்கிகள் இன்னும் சாமான் அறையில்தான் இருக்கின்றன. உறுப்பினருக்கு 700 வெள்ளி. நேரில் வந்து, பாட்டுப் போட்டுக் கேட்டு, காசு கொடுத்து எடுத்துப்போகலாம்.

செயலாளர்