சுவாமி மலையும் நாலு நிறமும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

நீ கணினியில் வரைந்து அனுப்பிய, எங்கள் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் படம் கிடைத்தது. கோடு நல்ல வடிவு, நிறம்தான் உதைக்கிறது. நீ வரைந்த ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியில் 8க்கு 8 பிக்சல் கட்டமொன்றுக்கு இரண்டே நிறம், இரண்டுக்கும் ஒரே பிரகாசம். கோபுரமும் பாறையும் வானமும் ஒரே கட்டத்தில் மோதினால் எந்தக் கொம்பனாலும் சமாளிக்க ஏலாது. அதே காலத்து இன்னொரு கணினியான கொமடோர் 64க்கு மாற்று; அதில் 0 முதல் 15 வரை எண்ணிட்ட பதினாறு நிறம்.

அதன் வரைதல் மென்பொருளான கோலா பெயின்ரரில் படம் 160க்கு 200, எல்லாம் அகலப் பிக்சல். 4க்கு 8 கட்டமொன்றில் நாலு நிறம் வைக்கலாம். ஒன்று படம் முழுவதற்கும் பொதுவான பின்னணி. மற்ற மூன்றும் கட்டத்துக்குக் கட்டம் மாறலாம். ஆகவே முதலில் அந்தப் பொது நிறத்தை முடிவு செய். பலர் யோசிக்காமல் கறுப்பைப் போட்டுவிடுகிறார்கள்; இந்தப் படத்தில் கறுப்புக்கு என்ன வேலை? இளநீலத்தை (நிற எண் 14) போடு. வானமும் கடலும் அதிலேயே போய்விடும். பாறை விளிம்புக் கட்டங்களில் மூன்று நிறமும் பாறைக்கே மிஞ்சும்: மண்ணிறம் 9, செம்மஞ்சள் 8, நீலம் 6.

பாறைக்கு நீலமா என்று கேட்பாய். மண்ணிறமும் நீலமும் கொமடோரின் படச் சிப்பில் ஒரே வெளிச்ச அளவு. ஒரு வரி அது, ஒரு வரி இது என்று மாற்றி இட்டால், பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை ரீவி அடுத்தடுத்த வரிகளின் நிறத்தைக் கலந்து, பதினாறிலும் இல்லாத ஒரு மங்கல் நிறத்தைக் காட்டும். அலை அடிக்கும் அடிவாரத்துக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும். கொமடோரை இன்றைய கணினியில் போலச் செய்யும் வைஸ் எமுலேற்றரில் பார்ப்பதென்றால் பால் எமுலேஷனைப் போட்டுப் பார், இல்லாவிட்டால் வெறும் கோடு கோடாகத்தான் தெரியும்.

சாம்பல் 12ஐ விளிம்பில் வைக்காதே. பாறை என்றதும் கை அதற்குத்தான் போகும். ஆனால் அதற்கும் இளநீலத்துக்கும் வெளிச்சம் ஒன்று, மலை வானத்துக்குள் கரைந்துவிடும். கோபுரத்துக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு 10, மண்ணிறம் போதும். ஐந்தாவதை வைத்தால் அந்தக் கட்டத்தில் ஏற்கனவே இட்ட ஒன்று போகும்.

முதலில் அமிகா கணினியில், டீலக்ஸ் பெயின்ற் என்ற வரைதல் மென்பொருளில் வரைவு போடுவதென்றால் 320க்கு 200, 16 நிறம் எடுத்து, கிரிட்டை 8க்கு 8 ஆக வை. அங்கே அகலவாக்கில் இரண்டு பிக்சல், கொமடோரில் ஒன்று. ஒற்றைப் பிக்சல் கோடு இழுத்தால் மாற்றும்போது காணாமல் போகலாம்.

கோலாவில் சேமித்த கோப்பு சரியாக 10,003 பைற் இருக்க வேண்டும்: நினைவகத்தில் எங்கே ஏற்றுவது என்ற முகவரி 2, பிக்சல் தகவலான பிற்மாப் 8,000, நிறத் தகவல் ஆயிரம் ஆயிரமாக இரண்டு, பின்னணி 1. 10,001 என்று கண்டால் எங்கேயோ முகவரி உதிர்ந்துவிட்டது. கோப்பின் முன்னால் ஹெக்ஸில் (பதினாறடி எண்ணில்) 00, 60 என்று இரண்டு பைற்றைச் சேர்.

இங்கே வாடைக்காற்றும் மழையும். விட்டதும் டச்சு பே பக்கமிருந்து மலையைப் படமெடுத்து அனுப்புகிறேன். உன் படத்தில் உச்சி கொஞ்சம் தட்டை.

கொமடோரோடு வந்த பழைய பவர் பெட்டியைத் தயவுசெய்து செருகாதே. அதன் 5 வோல்ற் ரெகுலேற்றர் பழுதானால் வோல்ற் ஏறி ராம் சிப்புகளைத் தின்றுவிடும். புதுப் பெட்டி கைக்கு வரும்வரை எமுலேற்றரிலேயே வரை.

அன்புடன்,
உன் மச்சான்